இவோனா உள்ள இருக்காளா?

அஜ்மான்
14 நவம்பர் 2023

தம்பி கார்மேகம்,

நல்லா இருக்கியான்னு கேட்டு ஆரம்பிக்க எனக்கு மனசு வரலைடா. என் நம்பரை பிளாக் பண்ணி வச்சிருக்க. ஊர்ல பொண்டாட்டிகிட்டப் பேசுற, பிள்ளைககிட்டப் பேசுற, கூடப் பிறந்த அக்கா கூப்பிட்டா மட்டும் உன் போன் அடிக்க மாட்டேங்குது. ட்ரெய்லர் ஓட்டுற மீரா சாகிப் ஜுபைலுக்கு லோடு ஏத்திக்கிட்டு வர்றார். அவர் கையில இதைக் கொடுத்துவிடுறேன். நீ கிழிச்சுப் போட்டா அவர் வந்து சொல்லிருவார்.

இவோனா இன்னும் சாகலை. வலது கை தோளோட போயிருச்சு. கழுத்து எலும்பு நொறுங்கிருச்சாம். கண்ணைத் திறக்கலை.

அன்னைக்கு அந்த பாக்டரிப் பொம்பளைக உடுப்பை நான்தான் துவைச்சேன். ஹலீனா சட்டையில முன்பக்கம் பூரா ரத்தம். அதோட சீனிப்பாகும் சேர்ந்து காஞ்சு அட்டை மாதிரி விறைச்சு நிக்குது. தண்ணியில போட்டதும் இனிப்பு வாசம் அடிச்சுச்சு. வாளியைச் சுத்தி எறும்பு வந்துருச்சுடா. நான் எறும்பை மிதிச்சுக்கிட்டே அழுதேன்.

நீ சனிக்கிழமை மிட்டாய் மிஷினைப் போட்ட, செவ்வாய்க்கிழமை விசிட் விசாவுல சவூதிக்குப் போயிட்ட. முதலாளி அனுப்பி வச்சாராம். ஏன்டா ஓடுன? ஓடுறவனைத்தான உலகம் குத்தவாளிங்கும்.

இங்க நாங்க தங்கியிருக்கிற வில்லாவுல மிச்சம் இருக்கிற ஏழு போலந்துக்காரிகளும் நான் ஆக்குற சோத்தைத் தொட மாட்டேங்கிறாளுக. நேத்து ஒருத்தி "யுவர் பிரதர், யுவர் பாஸ்"னு கத்திக்கிட்டே என் கையில இருந்த தட்டைத் தட்டிவிட்டா. உருளைக்கிழங்கு சுவத்துல போய் அப்பிக்கிச்சு. நான் வழிச்சு எடுத்தேன். ரெண்டு வருஷமா அவளுகளுக்கு ஆக்கிப் போட்டவ நான். அவளுக கோவம் எனக்குப் புரியுது. உன்னைத்தான் புரியலை.

ஒன்னே ஒன்னு சொல்லு. அந்த சுவிட்சைப் போடுறதுக்கு முன்னாடி, உள்ள ஆள் இருக்கான்னு நீ பார்க்கலையா?

நாகவள்ளி


ஜுபைல்
21 நவம்பர் 2023

அக்காவுக்கு,

பார்த்தேன். பார்த்தும் தெரியலைன்னுதான் கேட்டேன். கேட்டுட்டுத்தான் போட்டேன். போதுமா?

நீ அடுப்படியில இருந்துக்கிட்டு எழுதிட்ட. அந்த மிஷின்கிட்ட நின்னு பார்த்திருக்கியா? ரெண்டு இரும்புக் கை மாத்தி மாத்தி பாகை இழுக்கும். இழுக்க இழுக்க வெள்ளை வெளேர்னு வரும். முன்னாடி ஒரு வலைக்கதவு இருந்துச்சு. அதைத் திறந்தா மிஷின் தானா நின்னுரும். பாகு சிக்குறப்ப எல்லாம் நிக்குது, டைம் போகுதுன்னு முதலாளிதான் அதைக் கழட்டச் சொன்னார். என் சுவிட்சுகிட்ட இருந்து பார்த்தா மிஷினோட முதுகுதான் தெரியும். சிக்கின பாகை எடுக்கப் போன இவோனா வெளிய வந்துட்டாளான்னு தெரியலை, ஹலீனா அந்தப் பக்கம் நின்னா. "இவோனா இன்சைட்?"னு ரெண்டு தடவை கத்தினேன். "நோ, நோ!"ன்னா. சரக்கு வாங்க வந்த ஜித்தா பார்ட்டியைக் கூட்டிட்டு வந்து முதலாளி என் தோள்கிட்ட நிக்கிறார். "யல்லா, சீக்கிரம், அதான் நோங்கிறாள்ல, போடுடா"ன்னார். போட்டேன்.

வெள்ளைப் பாகு ரோஸ் கலராச்சு. லைன் கடைசியில நின்ன பங்களாதேஷ் பையன், புதுக் கலர் போட்டுட்டாங்கன்னு நெனச்சுத் தட்டை நீட்டி வாங்கிக்கிட்டு நிக்கிறான். அப்புறம்தான் சத்தம் கேட்டுச்சு. அந்தச் சத்தம் காதைவிட்டுப் போகலைக்கா. அதனாலதான் உன் போனை எடுக்கலை. உன் குரலுக்கு அடியில அது கேக்கும்.

இதுல என் தப்பு என்ன? கேட்டேன், இல்லைன்னா, போட்டேன். கலாஸ், முடிஞ்சுபோச்சு.

இங்க கேம்ப்ல ஒருத்தன் என்னைக் "கைவெட்டி"ன்னு கூப்பிட்டான். டிபன் கேரியரால வாயில போட்டேன். ரெண்டு பல்லு தட்டுல விழுந்துச்சு. அதுக்கப்புறம் எவனும் கூப்பிடலை.

முதலாளியைக் குறை சொல்லாத. முதுகுளத்தூர்ப் பக்கம் கருவேலங்காட்டுல பிறந்த மனுசன், வெள்ளைக்காரன் ஊர்ல போய் பாக்டரி வாங்கினார். நம்ம பஸ் ஸ்டாப்புல பேனர் கட்டினப்ப நீயும்தான் குலவை போட்ட. அவளுகளுக்கு அதுதான் பொறுக்கலை. நம்ம கலர்ல ஒருத்தன் முதலாளியா வந்து நிக்கிறதை அவளுகளால தாங்க முடியலை. இவோனா மட்டும்தான் அப்படி இல்லை. "உங்க பாஸ் திட்டுறார், எங்க ஊர் பாஸ் அடிப்பான்"னு சிரிப்பா.

அந்தப் பிள்ளை கண்ணைத் திறந்தா சொல்லி அனுப்பு.

கார்மேகம்


அஜ்மான்
2 டிசம்பர் 2023

தம்பி,

இவோனா செத்துப்போயிட்டா. திங்கக்கிழமை.

உன் கடுதாசி அதுக்கு முந்தின நாளே வந்துருச்சு. படிச்சு முடிச்சதும் திரும்ப முதல்ல இருந்து படிச்சேன். ஏன்னு கேளு. அவளுக பாஷையில "நோ"ன்னா ஆமான்னு அர்த்தம்டா! வேண்டாம், இல்லைன்னா "ஞே"ம்பாளுக. வந்த புதுசுல நான் காப்பி வேணுமான்னு கேப்பேன், "நோ, நோ"ம்பாளுக. சரி வேண்டாம்போலன்னு நான் கொண்டுபோய்க் கொட்டிருவேன். நாலு நாள் காப்பி இல்லாம இருந்துட்டு ஹலீனா கரண்டியைத் தூக்கிக்கிட்டு அடிக்க வந்தா. அப்பத்தான் விஷயமே புரிஞ்சு எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம்.

அப்ப அவ என்ன சொல்லியிருக்கா? இவோனா உள்ள இருக்காளான்னு நீ கேட்ட. ஆமா, ஆமான்னு கத்தியிருக்கா. பதட்டத்துல தன் பாஷையில கத்திட்டா.

ஹலீனா மேல பழி போடப் பார்க்கிறாங்கன்னு வில்லாவுல பேச்சு இருந்துச்சு. இதைச் சொன்னா அவ தப்பிச்சுக்குவா, உன் மேலயும் பாதிப் பழிதான் வரும்னு நெனச்சு, நேரா முதலாளிகிட்டப் போய்ச் சொன்னேன். நம்ம ஊர்க்காரர், நியாயம் செய்வார்னு போனேன். "இன்னொரு தடவை சொல்லுக்கா, நோன்னா ஆமாவா?"ன்னார். சொன்னேன். வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சார். அவர் கையால எனக்கு டீ ஊத்திக் கொடுத்தார்.

மறுநாள் கதை மாறிருச்சு. "கார்மேகம் 'ஸ்டார்ட் பண்ணலாமா'ன்னுதான் கேட்டான். ஹலீனா 'நோ'ன்னா. அவங்க பாஷையில அது 'ஆமா, பண்ணு'. அவ சொல்லித்தான் போட்டான்"னு கம்பெனி சொல்லுது. போலீஸ்ல மொழி தெரிஞ்ச ஆளை வச்சுக் கேட்டாங்க. ஆமா, நோன்னா ஆமாதான்னு அவரும் சொல்லிட்டார். பொய் எங்க இருக்குன்னு பாரு. அவ பதில்ல இல்லை, உன் கேள்வியில. நான் ஆசையா எடுத்துக் கொடுத்த வார்த்தையை வச்சே அவ கழுத்தை அறுத்துட்டார்.

ஹலீனாவை போலீஸ்காரங்க கூட்டிட்டுப் போயிட்டாங்க. அன்னைக்கு முதலாளி வில்லாவுக்கு வந்தார். ஏழு பேர்ல மிச்சம் ஆறு பேரும் பாய்ஞ்சாளுக. காரு கண்ணாடியைச் செங்கல்லால உடைச்சாளுக. ஒருத்தி அவர் காதைப் பிடிச்சுக் கடிச்சு, விடவே இல்லை. வாட்ச்மேன்க வந்து தடியால அடிச்சாங்க. நடுவுல நின்னதுல என் புருவம் கிழிஞ்சு நாலு தையல். ரத்தம் வழியிற கண்ணோட நான் பார்த்தது என்ன தெரியுமா? அவர் சட்டையைத்தான் துடைச்சுக்கிட்டு இருந்தார்.

நீ சொல்ற மாதிரி கலரும் கொஞ்சம் இருக்கும். இல்லைங்கலை. ஆனா ஹலீனா ஒரு நாள் வெங்காயம் உரிச்சுக்கிட்டே சொன்னதைக் கேளு. அவங்க ஊருக்கு முதல்ல ஒரு ஜெர்மன்காரன் வந்தானாம். பாக்டரியை வாங்கினான், சுவத்துக்குப் பெயிண்டு அடிச்சான், வித்துட்டான். அடுத்து பிரெஞ்சுக்காரன். பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினான். மூணாவதா நம்ம ஆளு கும்பிட்டுக்கிட்டே வந்தாராம். "ஏழைநாட்டுக்காரன், பசின்னா என்னன்னு தெரிஞ்சவன்னு நம்பினோம். நாங்க மாலை போட்டோம், நாகா. அவன்தான் மிஷினையே கழட்டிக் கப்பல்ல ஏத்தினான். சொல்லிக் கொடுக்க எங்களையும் சேர்த்து ஏத்தினான்"னா. அன்னைக்கு எனக்குக் கோவம் வந்துச்சு. அவ ஊருக்கு வந்த அந்நியன்ங்கிற பேரு நம்ம ஊர்க்காரனுக்கான்னு ரோஷமா இருந்துச்சு. இன்னைக்கு அந்த ரோஷம் இல்லை.

கம்பெனி சொல்ற கதையை எழுதி உன்கிட்டக் கையெழுத்து வாங்க அருள்முருகன் மேனேஜர் ஜுபைலுக்குக் கிளம்பிட்டான். போடாத. நீ என்ன கேட்டேங்கிறது உனக்கும் ஹலீனாவுக்கும் முதலாளிக்கும் அவர் கூட நின்ன ஜித்தா பார்ட்டிக்கும் மட்டும்தான் தெரியும். நீ கேட்டதை நீ சொன்னா அவ வெளிய வருவா. சொல்லலைன்னா இவோனாவை ரெண்டாவது தடவை மிஷின்ல போடுற.

நாகவள்ளி


ஜுபைல்
11 டிசம்பர் 2023

அக்கா,

உன் கடுதாசிக்கு முன்னாடி அருள்முருகன் வந்துட்டான். கையெழுத்துப் போட்டுட்டேன்.

திட்டுறதுக்கு முன்னாடி முழுசாப் படி. முதல்ல மாட்டேன்னேன். அவன் தனியா வரலை, கூட மூணு தடியன்களைக் கூட்டிட்டு வந்தான். கன்டெய்னர் ரூமுக்குள்ள வச்சுப் பூட்டினாங்க. தண்ணிக்குழாயை அறுத்து அதாலயே அடிச்சாங்க. முட்டிக்குக் கீழ மட்டும்தான், டியூட்டி பார்க்கணும்ல. ஒருத்தன் என் நெஞ்சுல உக்காந்துக்கிட்டுப் பான்பராக் மென்னான். எச்சி என் கழுத்துல வடிஞ்சுச்சு. அப்பவும் போடலை. நம்பினா நம்பு.

அப்புறம் அருள்முருகன் போனை எடுத்து என் மூஞ்சிக்கு நேரா காட்டினான். அதுல நீ. வில்லா அடுப்படியில முதுகைக் காட்டிக்கிட்டு நின்னு காய் அரிஞ்சுக்கிட்டு இருக்க. நெத்தியில கட்டு. "உங்க அக்கா எவ்வளவு பொடிசா அரியுது பாரு தம்பி. அங்கயும் ரெண்டு பயலுக நிக்கிறாங்க. கேஸ் அடுப்பு, பாவம், வெடிச்சாலும் வெடிக்கும்"னான். சிரிச்சுக்கிட்டே சொன்னான். நீ ஒரு துண்டு எடுத்து வாயில போட்டுக்கிட்ட. அதைப் பார்த்ததும் கையெழுத்துப் போட்டேன்.

எனக்கு ஒன்னு கேக்கணும். நோன்னா ஆமான்னு உனக்கு ரெண்டு வருஷமாத் தெரியும். எத்தனை வெள்ளிக்கிழமை உன் ரூமுக்கு வந்திருப்பேன். அந்தக் காப்பிக் கதையை ஒரு தடவையாவது சொன்னியா? ஊர்க்கதை பூரா சொல்லுவ, சொந்தக்காரன் கதை பூரா சொல்லுவ. இதைச் சொல்லியிருந்தா இவோனா இன்னைக்கு ரெண்டு கையோட இருப்பா. என்னை மட்டும் கொலைகாரன்ங்கிற.

ஹலீனாவுக்காக என்னை வரச் சொல்லாத. வந்தா நீ இருக்க மாட்ட.

கார்மேகம்


அல் குசைஸ், துபாய்
19 டிசம்பர் 2023

தம்பி,

மேல இருக்கிற ஊர் பேரைப் பாரு. நான் இப்ப வில்லாவுல இல்லை. ஸ்கூல்ல கிளீனிங் பார்க்கிற ஜெயபாரதி ரூமுல இருக்கேன். இலங்கையில ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. "வாங்கோ அக்கா, எவன் வாறான்னு பார்ப்பம்"னு கட்டிலை விட்டுக் கொடுத்துட்டுக் கீழ படுத்துக்கிறா.

உன் கடுதாசியைப் படிச்சுட்டு அடுப்படியில அண்ணாந்து பார்த்தேன். பிரிட்ஜுக்கு மேல கோலிக்குண்டு மாதிரி ஒரு கேமராக் கண்ணு. எத்தனை நாளா என்னைப் பார்த்துக்கிட்டு இருந்துச்சோ. அம்மிக்குழவியை எடுத்து ஒரே போடு. பொடிப்பொடியாப் போச்சு. கால்மணி நேரத்துல அருள்முருகன் வந்துட்டான். "என்ன கிழவி, திமிரா?"ன்னு என் கொண்டையைப் பிடிச்சு இழுத்தான். அடுப்புல தோசைக்கல்லு காஞ்சுக்கிட்டு இருந்துச்சு. துணிகூட வைக்காமத் தூக்கி அவன் தோள்ல அழுத்தினேன். சட்டையோட தோலும் ஒட்டிக்கிட்டு வந்துச்சு. என் உள்ளங்கையும் வெந்துருச்சு, அதான் எழுத்து இப்படி இருக்கு. அவன் அலறின அலறல்ல ஆறு பொம்பளைகளும் ஓடி வந்தாளுக. வெளிய நின்ன தடியன்க உள்ள வந்தப்ப என்னை நடுவுல விட்டுச் சுத்தி நின்னாளுக. ஒருத்தி மூக்கு உடைஞ்சுச்சு. அவ துப்பிட்டு அப்படியே நின்னா. தட்டைத் தட்டிவிட்டாளே, அவதான். அப்படியே ரோட்டு வரைக்கும் நடத்திக் கொண்டுவந்து டாக்சியில ஏத்திவிட்டாளுக.

என் மேல கேஸ் கொடுத்திருக்காங்க. கொடுக்கட்டும். சுட்டேன்னு நானே சொல்லப்போறேன்.

நீ கேட்டதுக்கு வர்றேன். முன்னாடியே ஏன் சொல்லலை? எனக்கு அது ஒரு சிரிப்புக் கதை. ஆளைக் கொல்லுற விஷயம்னு தெரியலை. வேற சமாதானம் என்கிட்ட இல்லை. இவோனா அம்மா வந்து கேட்டாலும் இதைத்தான் சொல்லுவேன். ஆனா அது வேற, நீ போட்ட கையெழுத்து வேற. ஒன்னை வச்சு இன்னொன்னை மறைக்காத.

ஹலீனாவைப் பார்த்துட்டு வந்தவளுக சொல்றாளுக, சுவத்துல தலையை மோதிக்கிறாளாம். "நான் ஆமான்னு சொன்னேன், சொன்னேன்"னு அதையே திரும்பத் திரும்பச் சொல்றாளாம்.

என்னைக் காட்டித்தான உன்னை மிரட்டினாங்க? நான் அவங்க கையில இல்லை. இனிமே நீ வரலைன்னா, அது எனக்காக இல்லை. உனக்காக.

அக்கா


அஜ்மான்
26 ஜனவரி 2024

அக்கா,

நான் வந்துட்டேன். வக்கீல் ஆபீஸ் பையன் கையில இதைக் கொடுக்கிறேன். என்னைப் பார்க்க வர வேண்டாம், மூஞ்சி நல்லாயில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கி நேரா ஸ்டேஷனுக்குப் போனேன். கையெழுத்துப் பொய், அடிச்சு வாங்கினாங்கன்னு காலைத் தூக்கிக் காட்டினேன். நான் கேட்டது "இவோனா இன்சைட்?"னு சொன்னேன். நோன்னா ஆமான்னு உனக்குத் தெரியாதான்னு கேட்டாங்க. தெரியாதுன்னேன். அது நிஜம். அப்படியே விட்டிருந்தா நான் தப்பிச்சிருப்பேனோ என்னமோ. மேல ஒன்னு சொன்னேன். உனக்கு எழுதினப்பவும் அதை விட்டுட்டுத்தான் எழுதினேன்.

ஹலீனா வாயில நோன்னா. ஆனா ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி ஆட்டினா. நிறுத்துன்னு ஆட்டுறதுக்கும் போடுன்னு ஆட்டுறதுக்கும் வித்தியாசம் தெரியாதவனா நான்? அவ மூஞ்சியே சொல்லுச்சு. ஒரு நிமிஷம் சந்தேகப்பட்டேன். எந்திரிச்சுப் போய்ப் பார்த்தா எட்டு அடிதான் தூரம். ஜித்தா பார்ட்டி முன்னாடி முதலாளி திட்டுவார்னு போகலை. அவர் "போடுடா"ன்னதும் போட்டேன். இதையும் சொன்னேன். அவர் சொன்னதையும் சொன்னேன், கதவைக் கழட்டச் சொன்னதையும் சொன்னேன்.

ஹலீனாவைக் கூட்டிட்டு வந்து எதிர்ல உக்கார வச்சாங்க. மொழி தெரிஞ்சவர் நான் சொன்னதை ஒவ்வொன்னாச் சொன்னார். கையை ஆட்டினது வந்ததும் அவ எந்திரிச்சா. மேசையைச் சுத்திக்கூட வரலைக்கா, மேலயே ஏறி வந்தா. மூக்குல குத்தினா. கீழே விழுந்தேன். வாயில, கண்ணுல, முஷ்டியால குத்துறா. ரெண்டு போலீஸ்காரங்க இழுத்தும் வரலை. நான் கையைத் தூக்கித் தடுக்கலை. அவளும் ஒரு வார்த்தை பேசலை. இவ்வளவு நாள் பேசிப் பார்த்தவதான.

என்னை உள்ள வச்சிருக்காங்க. எத்தனை நாள்னு தெரியலை. தூக்கம் வருது, அது மட்டும் புதுசு.

ஊருக்கு நீயே சொல்லிரு. அந்த பேனரை எடுக்கச் சொல்லு.

தம்பி


அல் குசைஸ்
9 மார்ச் 2024

கார்மேகம்,

ஹலீனாவை விட்டுட்டாங்க. அவளே ஜெயபாரதி ரூமுக்கு வந்தா. பத்து வயசு கூடிப்போயிருக்கு. உன்னைப் பத்தி அவ ஒன்னும் கேக்கலை. மன்னிச்சியான்னு நானும் கேக்கலை. கேக்குற உரிமை நமக்கு இல்லை.

முதலாளி கண் காணாமப் போயிட்டார். வேற ஏதோ நாட்டுல இருக்காராம். கம்பெனிக்குப் பூட்டு. பேனரை உன் மச்சினன் பாலகுரு அவுத்தப்ப முதலாளி பங்காளிக வந்து அவன் மண்டையை உடைச்சுட்டாங்க. உடைஞ்ச மண்டையோடயே அவுத்து முடிச்சானாம்.

நேத்து அந்த ஏழு பேரையும் சாமானை எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லி பாக்டரியைத் திறந்து விட்டாங்க. நாளைக்கு அவளுகளுக்கு பிளைட். என்னையும் கூட்டிட்டுப் போனாளுக. விசாரணைக்கு மிஷினை வச்சு எல்லாம் எழுதிக்கிட்டாங்களாம், இனி தேவையில்லையாம். பலகை அடிச்சு, பாதி கட்டி வச்சிருந்துச்சு. யாரோ வாங்கிட்டாங்க. ஏதோ ஒரு ஊருக்குக் கப்பல்ல போகுதாம். எந்த ஊருன்னு வாட்ச்மேனுக்கும் தெரியலை.

ஹலீனா அதைப் பார்த்துக்கிட்டே நின்னா. அவ அம்மா வேலை பார்த்த மிஷினாம் அது. "எவன் வாங்கினாலும் இது பேசாமக் கிளம்பிருது, நாகா"ன்னா. ஓரத்துல கிடந்த இரும்பு பைப்பை எடுத்தா. முதல் அடியிலேயே பலகை தெறிச்சுச்சு. அப்புறம் எல்லாரும். பல்சக்கரம் உடையிற சத்தம் நெஞ்சுக்குள்ள கேக்குது. சத்தமா அழுதுக்கிட்டே, அவளுக பாஷையில கெட்ட வார்த்தையாச் சொல்லிக்கிட்டே அடிக்கிறாளுக. ஒருத்தி நகம் பேந்து ரத்தம் சொட்டச் சொட்ட அடிச்சா. அந்த ரெண்டு இரும்புக் கையும் சுலபத்துல உடையலை. ஹலீனா மூச்சு வாங்கிக்கிட்டு வந்து பைப்பை என்கிட்ட நீட்டினா.

உள்ளங்கைப் புண்ணு இன்னும் முழுசா ஆறலை. இருந்தாலும் வாங்கினேன். கண்ணை மூடலை. வலது பக்கத்துக் கையைப் பார்த்துத்தான் அடிச்சேன். ஏழாவது எட்டாவது அடியில முறிஞ்சு கீழே விழுந்துச்சு. அதுக்கு அப்புறமும் ஒரு அடி அடிச்சேன்.

அது உன் கணக்குல அடிச்சதுடா. உன்னை அடிச்சதா, உனக்காக அடிச்சதான்னு எனக்கே பிரிச்சுச் சொல்லத் தெரியலை. வெளிய வா, உன் மூஞ்சியைப் பார்த்துச் சொல்றேன்.

அக்கா